வயிற்றில் பிள்ளை, கையில் ஸ்பா வவுச்சர்: வாசகர் கேள்வி-பதில்

எனக்கு இது ஏழாம் மாதம். கல்யாண நாளுக்கு என் கணவர் 3,500 ரூபாய்க்கு ஒரு ஸ்பா வவுச்சர் வாங்கியிருக்கிறார். 90 நிமிட மசாஜ், கடைசியில் ஸ்டீம். 'ப்ரெக்னன்சி மசாஜாக மாற்றித் தருகிறோம்' என்று போனில் சொல்கிறார்கள். போகலாமா?

மசாஜுக்குப் போகலாம். ஸ்டீமை விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, பிரஷர், போன பிரசவத்தில் குறைமாதத்திலேயே வலி வந்தது, காலில் இரத்தக்கட்டு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மசாஜும் வேண்டாம்.

'ப்ரெக்னன்சி மசாஜ்' என்ற பெயரை நம்ப வேண்டியதில்லை. மெனு கார்டில் அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னை எப்படிப் படுக்க வைப்பீர்கள்?" பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும். "மல்லாந்துதான், ஆனால் மெதுவாகச் செய்வோம்" என்றால் வேறு இடம் பாருங்கள். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய இரத்தக்குழாயைக் கருப்பையின் எடை அழுத்தும். கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். கை மெதுவாக இருப்பதால் இது மாறப்போவதில்லை.

"வயிற்றுக்கு ஓட்டை வைத்த பெட் இருக்கிறது, குப்புறப் படுக்கலாம்" என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்வார்கள். பார்க்க வசதிதான். வயிறு ஓட்டைக்குள் தொங்கும்போது கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் இழுபடும், இடுப்பு வலிதான் மிச்சம். அதுவும் வேண்டாம்.

சரியான பதில் "பக்கவாட்டில், தலையணை வைத்து" என்பது. நான்கைந்து தலையணையாவது வேண்டும். தலைக்கு ஒன்று, வயிற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று, மடக்கிய மேல்காலுக்கு ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் தப்பு நடப்பது இந்தக் கடைசித் தலையணையில்தான். முட்டிக்கு மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டுப் பாதத்தை அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். கால் உள்பக்கமாகத் திரும்பி இடுப்பெலும்பு முறுக்கிக்கொள்ளும், மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போது வலிக்கும். முட்டியும் கணுக்காலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று படுத்தவுடனே பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு தலையணை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்திருக்கிறீர்கள்.

கெண்டைக்காலை அழுத்திப் பிசைய விடாதீர்கள். கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதில் உறையும். உள்சிரையில் இரத்தக்கட்டு இருந்து, அதை அழுத்திக் கலைத்துவிட்டால் நுரையீரல் வரை போய் அடைக்கலாம். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி லேசாக நீவினால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அன்றைக்குப் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

90 நிமிடம் அதிகம். 60 ஆக்கி, பாதியில் பக்கம் மாறிப் படுங்கள். மிச்ச நேரத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து மசாஜ் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்து எண்ணெயைத் துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸில் வழுக்கி விழுவதுதான் இந்த விஷயத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற முதல் ஆபத்து. அதை யாரும் மெனுவில் போடுவதில்லை.

எண்ணெய் என்றால் வெறும் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். 'மூலிகைத் தைலம்' என்றால் பாட்டிலை வாங்கிப் படியுங்கள். கற்பூரமும் வின்டர்கிரீனும் (வலித் தைலத்தில் வரும் அந்த வாசனை) சேர்ந்தது வேண்டாம். கிளாரி சேஜ் என்ற வாசனை எண்ணெயும் வேண்டாம். லாவண்டர் மாதிரி வாசனை எண்ணெய் கலந்தே ஆக வேண்டும் என்றால் 1 சதவீதம். அதாவது 30 மில்லி எண்ணெய்க்கு சுமார் 6 சொட்டு.

எட்டாவது வாரம். ஏற்காட்டில் ரிசார்ட் புக் செய்தாயிற்று, அறையிலேயே ஜக்குஸி. ஸ்டீம் ரூமும் உண்டு. ஐந்து நிமிடம் என்றால் பரவாயில்லையா?

நேரத்தைவிட உடம்பின் உள்வெப்பம்தான் முக்கியம். அது 39 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் மூடுவது கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் ஆறாவது வாரத்தை ஒட்டி. அந்தச் சமயத்தில் உடம்பு அதிகமாகச் சூடேறினால் குழல் சரியாக மூடாத குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு அந்த வாரம் கடந்துவிட்டது, ஆனாலும் மற்ற உறுப்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மயக்கமும் நீர்ச்சத்துக் குறைவும் எந்த மாதத்திலும் வரும்.

ஜக்குஸி தண்ணீர் பொதுவாக 40 டிகிரி வரை போகும். கழுத்தளவு உட்கார்ந்திருக்கும்போது வியர்வை ஆறுவதற்கு இடமே இல்லை. ஸ்டீம் ரூமும் அப்படித்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதனால்தான் 45 டிகிரி ஸ்டீம், அதைவிடச் சூடான உலர்ந்த சானாவுக்கு இணையாக வாட்டும். இரண்டும் வேண்டாம்.

பணம் கட்டிவிட்டோமே என்றால், ஹீட்டரை அணைத்து 37 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லுங்கள். அது வெதுவெதுப்பான குளியல், அதில் தடையில்லை. பானலில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், பிள்ளை பிறந்த பிறகும் உதவும் ஒரு குளியல் தொட்டி வெப்பமானியை இப்போதே வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

நான்கு மாதமாகிறது. கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது. பார்லரில் 12,000 ரூபாய்க்கு ஆறு சிட்டிங் 'வொயிட்டனிங் பேக்கேஜ்' சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். கர்ப்பத்தில் வரும் மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானே மங்கிப்போகும். ஹார்மோன் ஓங்கியிருக்கும்போது ஆறு சிட்டிங் செய்தாலும் திரும்ப வரும், அப்போது ஏழாவது சிட்டிங்கை விற்பார்கள்.

அந்தப் பேக்கேஜில் என்னென்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஹைட்ரோகுவினோன் இருந்தால் வேண்டாம், தோலில் தடவியதில் கணிசமான பங்கு உடம்புக்குள் போகும். ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் (வைட்டமின் ஏ வகையறா) வேண்டாம். சாலிசிலிக் ஆசிட், 2 சதவீத பேஸ்வாஷில் இருந்தால் பயமில்லை. அதே ஆசிட்டை 20, 30 சதவீத பீலாக (மேல்தோலை உரிக்கும் பூச்சாக) முகம் முழுக்கப் போடக் கூடாது. பெயரோ முகவரியோ உரிம எண்ணோ இல்லாத டப்பா க்ரீம் ஒரு வாரத்தில் வெளுப்பாக்கினால் பாதரசத்தைச் சந்தேகியுங்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகும்.

சாதாரண க்ளீனிங், பழக்கூழ் பேஷியல், த்ரெடிங் எல்லாம் தாராளமாக. மங்குக்கு நிறமிட்ட சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். அசெலாயிக் ஆசிட் வேண்டுமா என்று தோல் மருத்துவரைக் கேட்கலாம்.

வளைகாப்புக்கு மருதாணிக் கோன் வாங்கப் போனேன். 'பதினைந்தே நிமிடத்தில் கருஞ்சிவப்பு' என்ற கோன் நல்லதா?

இல்லை. இலையிலுள்ள சாயம் தோலில் ஏற நேரமெடுக்கும். நல்ல மருதாணியை நான்கு மணி நேரமாவது வைத்து எடுத்தால் முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் கருத்துச் சிவக்கும். பதினைந்து நிமிடத்தில் அந்த நிறம் வருகிறதென்றால் வேறு சாயம் கலந்திருக்கிறது. அது பெரும்பாலும் தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி.தான். கை முழுக்கக் கொப்புளம் கிளம்பும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு அடையாளம்: சுத்தமான கோன் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும், வெளியே வைத்தால் சில நாளில் வீரியம் போய்விடும். மாதக்கணக்கில் கடை அலமாரியில் தொங்குவதைத் தொடாதீர்கள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, வீட்டில் இலையைக் கொட்டைப்பாக்கோடு அரைத்து வைப்பதற்கு ஈடில்லை.

பெடிக்யூர்?

செய்யலாம். அடியில் ஜெட் வைத்த தொட்டியில் முந்தைய ஆளின் முடியும் தோலும் உறிஞ்சுவாயின் வலைக்குப் பின்னால் சேரும். 2000-இல் கலிபோர்னியாவில் ஒரு நகப் பராமரிப்புக் கடையின் வாடிக்கையாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படித்தான் காலில் கொப்புளம் வந்தது. வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் புதுத் தண்ணீர் கேளுங்கள், அதுவே சுத்தம். முந்தின நாள் காலில் ஷேவிங் வேண்டாம்.

பத்து மசாஜுக்கு முன்பணம் கட்டியபின் கர்ப்பம் தெரிந்தது. 'முதல் மூன்று மாதம் எடுக்க மாட்டோம், பணமும் திரும்பாது' என்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் பல ஸ்பாக்கள் மறுப்பது, அந்தச் சமயத்தில் தானாக ஏற்படும் கருச்சிதைவுக்குப் பழி தங்கள் மேல் விழுமோ என்ற எச்சரிக்கையால்தான். ஆனால் சேவை தர மறுப்பது அவர்கள் என்பதால் பணம் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. தர அவர்கள் தயாராக இருந்து நீங்களாகவே போகாவிட்டால் கேஸ் அவ்வளவு வலுவாக இருக்காது. அப்போது காலநீட்டிப்பு கேட்பதே நடைமுறை.

வாய்ச்சண்டை வேண்டாம். 'கர்ப்பம் காரணமாக நீங்கள் மறுத்துள்ளீர்கள். மீதமுள்ள இத்தனை அமர்வுக்கான தொகையைத் திருப்பித் தரவும், அல்லது 18 மாதம் நீட்டிக்கவும்' என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, 15 நாள் கெடு வையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'பணம் திரும்பத் தரப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பது ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது.

பில்லை எடுத்துப் பார்க்கும்போது ஜி.எஸ்.டி. வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சேவைகளுக்கு 5 சதவீதம். அதற்குப் பிறகு கட்டிய பணத்தில் பழைய 18 போட்டிருந்தால் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.