கொலையாளியை மாற்றிய மளிகைச் சீட்டு

கேள்வி: நீங்களே துப்பறிந்து கண்டுபிடித்த மர்மம் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. கொலையாளி யார் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கடைசி நிமிஷத்தில் அவரை மாற்றியது யார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2010 மே மாதம். சென்னையில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் நான் பிராம்ப்டர், அதாவது நடிகர்கள் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவன். அமெச்சூர் என்றால் பகலில் வங்கி, இன்ஷூரன்ஸ், அரசு அலுவலகம், சாயங்காலம் ரிகர்சல். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் துணிந்து அரிதாரம் பூசினார்கள் அல்லவா, அந்தப் பரம்பரை. நடிப்பு வருமோ வராதோ, பர்மிஷன் போட்டுவிட்டு நாலு மணிக்குக் கிளம்ப எங்களில் எல்லோருக்கும் வரும்.

நாடகம் ஒரு காமெடி மர்மக் கதை. ஜமீன்தார் செத்துப்போகிறார். கடைசி சீனில் டிடெக்டிவ் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கிறார். ஜமீன்தார் சாவதற்கு முன் எழுதியது. அதில் கொலையாளியின் பெயர் இருக்கும். டிடெக்டிவாக நடித்தவருக்கு அறுபது வயது, வெள்ளெழுத்து. மேடையில் கடிதம் படிக்கிற காட்சி கிடைத்தால் எந்த நடிகரும் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்ய மாட்டார், அதுதான் கையில் இருக்கிறதே. அதனால் நானே கட்டை கட்டையான எழுத்தில் முழுக் கடிதத்தையும் எழுதி, கொலையாளியின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. எங்கள் டைரக்டர் சார் முடிவை இரண்டு தடவை மாற்றிவிட்டார். முதலில் டாக்டர், அப்புறம் ஜமீன்தாரின் தம்பி, கடைசியில் சமையல்காரர். அதற்குமேல் மாற்றவும் முடியாது. அந்தக் காலத்தில் 1954-ஆம் வருஷத்து நாடகச் சட்டப்படி ஸ்கிரிப்டைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். (எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று சொன்னது.) போலீஸுக்குப் போன பிரதியில் கொலையாளி சமையல்காரர்.

கடைசி சீன். டிடெக்டிவ் தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்றார், கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், பிரித்தார். சைடு விங்கில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முகம் தெரிந்தது. கண் இரண்டும் காகிதத்தில் மேலேயும் கீழேயும் போய் வந்தன. ஐந்து விநாடி சத்தமே இல்லை. பிறகு கணீரென்று படித்தார்.

"துவரம் பருப்பு, ரெண்டு கிலோ."

சபா குலுங்கியது.

"உளுத்தம் பருப்பு ஒரு கிலோ. கட்டிப் பெருங்காயம் அம்பது கிராம். மிளகாய் வத்தல் காம்பு கிள்ளினது. காபிப் பொடி அரைக் கிலோ, எண்பதுக்கு இருபது. போன தடவை மாதிரி புளியில கொட்டை இருக்கக் கூடாது."

நான் பதறிப்போய் "சமையல்காரர்... சமையல்காரர்..." என்று எடுத்துக் கொடுத்தேன். சபா மைக்குக்கு நடிகன் குரல், பிராம்ப்டர் குரல் என்ற வித்தியாசம் கிடையாது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. மனுஷர் அசரவில்லை. "பின்னாடிலேர்ந்து ஒரு குரல் சமையல்காரரைக் காட்டிக் கொடுக்கறது. அது நம்மைத் திசைதிருப்பற சதி! தனி ஆளா இருந்த ஜமீன்தாருக்கு எதுக்கு ரெண்டு கிலோ துவரம் பருப்பு? இந்த வீட்ல யாரோ ஒளிஞ்சிருந்து சாம்பார் சாப்பிட்டிருக்கா!" என்று பக்கத்தில் நின்ற டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார்.

டாக்டராக நடித்தவர் வங்கி கேஷியர். கணக்கு இடித்தாலும் கவுண்டரை விட்டு எழுந்திருக்காத ஜாதி. "ஆமா, நான்தான்" என்றார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, "அதை கோர்ட்ல சொல்லிக்கறேன்" என்றார். கைதட்டலில் திரை விழுந்தது.

லண்டனில் 1952-லிருந்து ஓடுகிற அகதா கிறிஸ்டி நாடகத்தின் முடிவில், கொலையாளி யாரென்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேடையில் நின்றவர்களுக்கே தெரியாது.

மேக்கப் ரூமில் டைரக்டர் சார் எரிமலையாக இருந்தார். "லெட்டரை என் சட்டைப் பையில வெச்சிருந்தேன். என் கையாலதான் கோட்டுக்கு மாத்தினேன். நடுவுல எவனோ மாத்திட்டான். இது உள்குத்து!" விஷயம் என்னவென்றால், குழுவுக்கு இருந்ததே ஒரு கோட்டுதான். மூன்றாவது சீனில் வக்கீலாக வரும் டைரக்டர் சார் போட்டுக்கொள்வார். பிறகு பிளாக்-அவுட்டில் கழற்றி டிடெக்டிவுக்கு மாட்டிவிடுவார். நடுவில் தொட வாய்ப்பிருந்தவர்கள் மூன்று பேர்: டிடெக்டிவ், காஸ்ட்யூம் பையன், சமையல்காரர். பழி தன்மேல் விழாமல் போனதில் சமையல்காரருக்கு லாபம் என்று லைட்மேன் என் காதில் ஓதினார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்!

சீட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மடிப்பில் ஒரு கறுப்பு முடி ஒட்டியிருந்தது. ஒட்டு மீசை முடி, மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம் பசை வாசனையோடு. சமையல்காரருக்கு ஒட்டு மீசை! இரண்டு நாள் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தேன். சீட்டைப் பிடித்துப் படித்த டிடெக்டிவுக்கும் அதே டப்பாவிலிருந்து எடுத்த மீசைதான் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

அப்புறம்தான் சீட்டைச் சீட்டாகப் பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள். முன்பக்கத் தேதி, நாடகத்துக்கு முதல் நாள். ஆகவே பழைய குப்பை இல்லை, அன்றைக்குக் காலையில் கிழித்து எழுதியது. பெண் கையெழுத்து. காபிப் பொடியையும் மளிகையோடு சேர்த்து, எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரி என்று விகிதம் சொல்லி எழுதியிருப்பதால், கடைக்குள்ளேயே காபி அரைக்கிற மெஷின் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் குடியிருந்த வட்டாரத்தில் அப்படி இரண்டு கடைகள்தான்.

டைரக்டர் சாரின் பெயர் என் பட்டியலிலேயே இல்லை. ரிகர்சலில் தினமும் அவர் செய்யும் உபதேசம் ஊருக்கே தெரியும்: "சிக்கரி கலந்தா அது காபி இல்லடா, கஷாயம். எங்காத்துல முப்பது வருஷமா ப்யூர்தான்." எண்பதுக்கு இருபது என்று மேடையில் ஒலித்தபோது அவரும் விங்கில் நின்று கேட்டவர்தான். தன் வீட்டுச் சீட்டு என்று அவருக்கே தோன்றவில்லை.

முதல் கடையில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாவது கடையில் சீட்டை நீட்டினேன். அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லாவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டை எழுத்து. சிவப்புக் கோடு. நடுவில் கம்பியில் குத்திய ஓட்டை, ஓரத்தில் மஞ்சள்பொடிக் கறை.

"நாடகக்கார சாரு போற வழியில பையன்கிட்ட சீட்டக் குடுத்துட்டுப் போனாரு. பிரிச்சுப் பாத்தா, 'இது உங்கள் கையில் கிடைக்கும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன்'னு இருக்கு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு சார். போன மாசப் பாக்கியத்தான் ரெண்டு தடவ கேட்டிருந்தேன்."

உடனே சார் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மாமிதான் எடுத்திருக்கிறார். அது நாடகக் காகிதம், பயப்படாதீர்கள் என்று சொல்லி, மளிகையை வாயாலேயே சொல்லி வாங்கிவிட்டு, "இதை அவர்கிட்ட சொல்ல வேண்டாம்" என்றும் கேட்டுக்கொண்டாராம்.

ஒரே சட்டைப் பை, இரண்டு மடித்த காகிதம், அவசரத்தில் கை மாறிப்போச்சு. அவ்வளவுதான் சதி. ஆனால் மாமி ஏன் மறைக்க வேண்டும்?

சார் ஆபீஸில் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். மாமி காபி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"மாமி, இது எண்பது இருபதா?"

மாமி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "கல்யாணமான புதுசுல ப்யூர்தான்டா போட்டுண்டிருந்தேன். டிகாக்ஷன் தண்ணியா இருக்கு, திக்கா இல்லைன்னு தினம் சண்டை. இருபது சிக்கரி சேர்த்தேன். 'இதான்டி ப்யூர் காபி'ன்னார். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணட்டும்? முப்பது வருஷமாச்சு. இப்போ போய்ச் சொன்னா தாங்குவாரா?"

தாங்க மாட்டார். நான் கேஸை மூடிவிட்டேன். குழுவில் கேட்டவர்களிடம், தடயம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். சார் கடைசிவரை காஸ்ட்யூம் பையனைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு மட்டும் நான் ஒரு தோசை கடன்பட்டிருக்கிறேன். சார் இப்போது இல்லை. மாமியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாடகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் இன்னொரு சபா செயலாளர் போன் செய்தார். "அந்த மளிகை லிஸ்ட் சீன் இருக்கும் இல்லியா?" என்றுதான் முதல் கேள்வி. சார் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டு, கொலையாளியை டாக்டராக்கி, புதிய பிரதி எடுத்து மறுபடியும் போலீஸுக்கு அலைந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் காலண்டர் தாளில் மளிகைச் சீட்டு எழுதித் தருவது என் வேலை. பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் எழுதுவேன். காபிப் பொடியை மட்டும் விட்டுவிடுவேன்.