கனடா பெண்கள் ஐஸ் ஹாக்கி: 18-0 ஜெயித்தும் தங்கம் நழுவுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

18-0, 17-0 என்று ஜெயிக்கிற கனடா பெண்கள் அணி, தங்கத்தை மட்டும் அடிக்கடி கோட்டைவிடுகிறதே, எப்படி?
– மதுரை வாசகர்

அந்த ஸ்கோர்களை வைத்துக் கனடாவை எடைபோட முடியாது. ஒரு சங்கிலியைப் பாருங்கள். 2008-ல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியா பல்கேரியாவை 82-0 என்று வென்றது. 60 நிமிட ஆட்டத்தில் 44 விநாடிக்கு ஒரு கோல்! அதே ஸ்லோவாக்கியா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கனடாவிடம் 0-18 என்று தோற்றது. அந்தக் கனடா இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக அடிக்க முடிந்தது இரண்டே கோல். 2-0, தங்கம்.

பலவீனமான அணிகளிடம் குவிக்கும் கோல் வேறு, சமபலமுள்ள அமெரிக்காவிடம் கிடைக்கும் கோல் வேறு. ஆகவே கனடாவின் ஆட்ட முடிவுப் பட்டியல் கைக்கு வந்ததும் அமெரிக்காவுடன் ஆடியவற்றை முதலில் தனியே பிரித்துவிடுங்கள். 1990-ல் ஒட்டாவாவில் தொடங்கி 2025 வரை நடந்த 24 உலக சாம்பியன்ஷிப்களில் கனடாவுக்கு 13 பட்டம், அமெரிக்காவுக்கு 11. வேறு யாரும் வென்றதே இல்லை. 2019-ல் மட்டும் கனடா இறுதிக்கு வரவில்லை. எஸ்பூவில் நடந்த அரையிறுதியில் பின்லாந்து 4-2 என்று வெளியேற்றியது. இந்த ஒரு வரிக்கு, பத்து 15-0 வெற்றிகளைவிட எடை அதிகம்.

அடுத்து, ஸ்கோருக்குப் பக்கத்தில் கூடுதல் நேரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டங்களில் அமெரிக்காவை 2012-ல் 5-4, 2021-ல் 3-2, 2024-ல் 6-5 என்று கனடா வென்றதும், 2025-ல் 3-4 என்று தோற்றதும் கூடுதல் நேரத்தில்தான். அங்கே முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டமும் பட்டியலில் 3-2 என்றுதான் இருக்கும். நடந்ததைக் கேளுங்கள். மூன்றரை நிமிடத்துக்கும் குறைவாக மீதி இருக்கும்போது கனடா 0-2. பிரியான் ஜென்னர் ஒரு கோல் அடித்தார். ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவதற்காகக் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தொலைவிலிருந்து தள்ளிய பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு), ஆளில்லாத கோலை நோக்கி மெல்ல வழுக்கிப் போய்க் கம்பத்தில் பட்டு நின்றது. 54.6 விநாடி மீதமிருக்க மரீ-பிலிப் பூலன் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் அவரே அடித்தார். நாலு விரல்கடை உள்ளே போயிருந்தால் பதக்கங்கள் இடம் மாறியிருக்கும்.

2005 உலக சாம்பியன்ஷிப்பில் கனடா வாங்கிய கோல் ஓரிடத்தில் 0, இன்னோரிடத்தில் 1. எது சரி?
– கோவை வாசகி

இரண்டும் சரிதான். ஸ்வீடனின் லின்ஷாப்பிங்கில் நடந்த அந்தத் தொடர் முழுக்கக் கனடா ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதி ஆட்டமும் கூடுதல் நேரம்வரை 0-0. கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராகத் தனியே அடிக்கும் ஷூட்-அவுட்டில் அமெரிக்கா ஜெயித்தது. ஷூட்-அவுட்டில் எத்தனை அடித்தாலும் வென்ற அணியின் ஸ்கோரில் ஒரு கோல்தான் கூடும், அதனால் 0-1. ஆனால் அந்த ஒன்று கோல்கீப்பரின் கணக்கிலும் ஏறாது, அடித்தவரின் கணக்கிலும் ஏறாது. ஸ்கோர்களைக் கூட்டினால் 1 வரும், கோல்கீப்பர் பட்டியலைப் பார்த்தால் 0 வரும்.

தோல்வியே காணாத அணி பிரிவில் இரண்டாமிடம். கணக்குத் தப்பா?
– சேலம் வாசகர்

தப்பில்லை. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி; கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றால் 1. மூன்று ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் வென்றவருக்கு 6 புள்ளிதான். இரண்டை நேரத்துக்குள் வென்று, ஒன்றைக் கூடுதல் நேரத்தில் விட்டவருக்கு 7. பழைய தொடர்களில் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. அந்தப் புள்ளிகளை இன்றைய புள்ளிகளோடு கூட்டிவிடாதீர்கள். மொத்த வெற்றி எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவது வேறு காரணத்தால்: நட்புமுறை ஆட்டங்களைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள்.

உலக சாம்பியன்ஷிப் பட்டியலில் 2003, 2020 இல்லையே?
– தஞ்சை வாசகி

2003 பெய்ஜிங் தொடர் சார்ஸ் நோயால் ரத்து. 2020-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடக்க வேண்டியது கொரோனாவால் ரத்து. 1998, 2002, 2006 போன்ற ஆண்டுகளும் இருக்காது. முன்பெல்லாம் ஒலிம்பிக் வருடத்தில் முதல்நிலை உலக சாம்பியன்ஷிப் நடத்த மாட்டார்கள். 2022-ல் டென்மார்க்கில்தான் முதன்முறையாக நடத்தினார்கள். அதையும் கனடாவே வென்றது, 2-1.