எல்.கே.ஜி. பையனுக்கு டியூஷன் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடித்துக் கிறுக்குகிறான், எழுது என்றால் அழுகை. பள்ளி விட்டு வந்தால் தெருவில்தான் இருப்பான். ‘இப்படியே விட்டால் யு.கே.ஜி.யில் கஷ்டப்படுவான், டியூஷனில் சேருங்கள்’ என்கிறார் மிஸ். மாமியாரோ ‘விளையாட விடும்மா’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. மணிக்கட்டுக்குள் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டாவது தெரிவதற்குள் பிள்ளை நாலாவது, ஐந்தாவது வகுப்புக்கே போய்விடும். உங்கள் பையனின் கை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற கை. அவனை உட்கார வைத்து நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும், அழத்தான் செய்வான்.

எழுத்துக்கு விரல் மட்டும் போதாது, தோள் உறுதியாக நிற்க வேண்டும், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். கொய்யாக் கிளையைப் பிடித்துத் தொங்குவது, சுவரில் தொற்றி ஏறுவது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவது எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கின்றன. மாமியாரிடம் பல்லாங்குழி இருக்கிறதா என்று கேளுங்கள். குழியில் உள்ள புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஒன்றை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நகர்த்தி அடுத்த குழியில் போடும்போது அவன் விரல்களைக் கவனியுங்கள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அவைதான். ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று போட்டுக்கொண்டே போவதில் எண்ணுவதும் தானாக வந்துவிடும். (வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கொட்டைகளை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.)

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல். பள்ளியில் பாதி நாள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மிச்சமிருப்பது அந்தச் சாயங்காலம்தான், அதையும் டியூஷனுக்குக் கொடுத்தால் எப்போது ஓடுவான்?

மிஸ்ஸிடம் சண்டை வேண்டாம். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று 2022-இல் வந்த தேசியக் கலைத்திட்டமே (பாடத்திட்டத்துக்கான தேசிய வழிகாட்டி) சொல்கிறது, அதை எடுத்துச் சொல்லி வீட்டுப்பாடத்தைக் குறைக்கக் கேளுங்கள். ஆனால் மாடிப்படியில் காலை மாற்றி மாற்றி வைத்து ஏற முடியவில்லை, அடிக்கடி தடுக்கி விழுகிறான், ஒரு கையைப் பயன்படுத்துவதே இல்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் பெண்ணுக்கு இரண்டு வயது. மூன்றாவது மாடியில் சின்ன ஃபிளாட், கீழே பைக் நிறுத்தத்தான் இடம். எங்கே விளையாட விடுவது?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்த வயதுக்கும் அதே மூன்று மணி நேரம்தான், ஆனால் ஒரே மூச்சில் வேண்டியதில்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கலாம். மெத்தையைத் தரையில் போட்டுத் தலையணைகளை அடுக்கினால் அவளுக்கு அது ஏறி இறங்க ஒரு மலை. கடைக்குப் போகும்போது தூக்காதீர்கள், கையைப் பிடித்துப் படியில் இறக்குங்கள், நேரமானால் ஆகட்டும். துணி மடிக்கும்போது அவள் சட்டையை அவளே கொண்டுபோய் வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாநகராட்சிப் பூங்காவுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போங்கள். வாளியில் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொடுத்தால் அரை மணி நேரம் ஊற்றி ஊற்றி விளையாடுவாள், அப்போது மட்டும் போனை எடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.