கொடி அவரைக்கு பந்தல் எப்படி போடறது?

வீட்டுத் தோட்டத்துல அவரைக்கு நாலு குச்சி நட்டு விட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க. குத்து அவரைன்னா எதுவுமே வேணாம், ஆனா கொடி அவரைக்கு கண்டிப்பா பந்தல் வேணும்ங்க. ஆடியில விதை போட்டா கொடி நல்லா அடர்த்தியாகுற நேரமும் ஐப்பசி மழையும் ஒண்ணா வரும், நனைஞ்ச கொடியோட கனம் காத்துல ஆடும்போது ஒல்லி குச்சி எல்லாம் தாங்காது, எனக்கு ஒரு வருஷம் பூ விடுற நேரத்துல மொத்தமா சாஞ்சு படுத்துடுச்சு, பாக்கவே மனசு ஆறல.

8 அடி சவுக்கு கம்பு வாங்கி 2 அடி குழியில நட்டு, கல்லு போட்டு நல்லா இடிச்சுடுங்க, மேல 6 அடி இருந்தா நின்னுட்டே காய் பறிக்கலாம். மூலைக் கம்பை மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமா சாச்சு நட்டு, கம்பி கட்டி தரையில முளை அடிச்சு இழுத்துடுங்க, பந்தலோட உயிரே அதுலதான் இருக்கு. மேல 1 அடிக்கு ஒண்ணா குறுக்கும் நெடுக்கும் கம்பி. கொடி ஏற சணல் கயிறு தொங்கவிடுங்க, நைலான் வழுக்கும். நுனி எந்தப் பக்கம் சுத்துதோ அதே பக்கமா சுத்தி விடுங்க, மாத்தி சுத்துனா மறுநாள் பாத்தா அவுந்து தொங்கும்.

இதெல்லாம் விதை போடறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, அப்புறம் குழி தோண்டினா வேர் அறுந்துடும்.