ஆபீஸ் நெட்வொர்க்கில் யாரோ ஏஆர்பி ஸ்பூஃபிங் செய்கிறார்களா? எப்படி உறுதிசெய்வது, எப்படித் தடுப்பது?

இருபது பேர் வேலை பார்க்கும் இடம், நெட் திடீரெனத் திணறுகிறது, தெரிந்த தளத்துக்கே பிரௌசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகம் நியாயமானதுதான். முதலில், அந்த எச்சரிக்கையைத் தாண்டி யாரும் உள்ளே போக வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரு ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) உரியது என்று கணினிகள் கேட்டறியும் விதிமுறைதான் ஏஆர்பி. 1982-இல் வரையறுத்த அதில் பதில் சொல்பவர் யாரென்று சரிபார்க்க வழியே கிடையாது. ரவுட்டரின் ஐபியைச் சொல்லி "192.168.1.1 நான்தான்" என்று எந்தக் கணினி சொன்னாலும் மற்றவை நம்பிவிடும். இப்படிப் பொய் சொல்லி மற்றவர்களின் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்புவதுதான் ஏஆர்பி ஸ்பூஃபிங்.

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஏஆர்பி, ஓர் இடைவெளி, ஒரு கோடு, ஏ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும். அதில் ரவுட்டருக்கு நேரே உள்ள மேக் முகவரியை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் லேன் (உள் நெட்வொர்க்) பகுதியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள், பல மாடல்களில் கடைசி இலக்கம் வேறாக இருக்கும். ரவுட்டரின் மேக்கே இன்னொரு ஐபிக்கும் வந்தால் அந்த ஐபிக்காரர்மேல்தான் சந்தேகம். பட்டியலில் அவர் இல்லாமலும் போகலாம், அதனால் முதலில் எல்லா முகவரிகளுக்கும் ஒருமுறை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பிவிட்டுப் பாருங்கள்.

அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். 255-இல் முடியும் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும்) முகவரிகள் எல்லாவற்றுக்கும் மேக் ஒன்றுதான். வைஃபை ரிப்பீட்டர் இருந்தால் அதன் பின்னால் உள்ள போன்கள் பலவும் ரிப்பீட்டரின் மேக்கிலேயே தெரியலாம். தொடர்ந்து கண்காணிக்க ஒரு லினக்ஸ் கணினியில், ஏஆர்பி மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஆர்ப்வாட்ச் என்ற நிரலைப் போடுங்கள். ரவுட்டர் ஐபிக்கு 'ஃபிளிப் ஃபிளாப்' என்று பதிவு திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு மேக் முகவரிகள் அந்த ஐபிக்கு அடித்துக்கொள்கின்றன என்று பொருள். மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளைப் பார்த்து மாற்றக்கூடியது) என்றால் மேக் அட்டவணையில் சந்தேகத்துக்குரிய மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்துக் கேபிளைப் பின்தொடரலாம்.

கணினியில் ரவுட்டரின் மேக்கை ஸ்டேட்டிக்காகப் பதிவது பாதித் தீர்வுதான். நீங்கள் அனுப்புவது சரியாகப் போகும். ரவுட்டரை ஏமாற்றினால் திரும்பி வருவது இன்னமும் திருடன் வழியாகத்தான் வரும். ரவுட்டரிலும் உங்கள் மேக்கைப் பதிய வேண்டும். இருபது கணினிக்கு இதைச் செய்து பராமரிப்பது வீண் வேலை.

உருப்படியான வழி, சுவிட்ச்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கும் (ஐபி வழங்கும் டிஹெச்சிபியைக் கவனித்து, எந்த ஐபி எந்த மேக்குக்கு என்று அட்டவணை போடுவது), அதன்மேல் அந்த அட்டவணையோடு ஒவ்வாத ஏஆர்பி செய்திகளைத் தள்ளிவிடும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும். ரவுட்டர் போகும் போர்ட்டையும், டிஹெச்சிபி சர்வர் தனியாக இருந்தால் அதன் போர்ட்டையும் டிரஸ்டட் (சோதிக்காமல் நம்பலாம் என்று குறித்தது) ஆக்குங்கள். ஸ்னூப்பிங்கை முதலில் போட்டு, எல்லோரும் ஐபி புதுப்பித்து அட்டவணை நிரம்பிய பிறகே இன்ஸ்பெக்‌ஷனைப் போடுங்கள். உடனே போட்டால் மொத்த ஆபீஸும் துண்டாகும். ஸ்டேட்டிக் ஐபி வைத்த பிரின்டரும் கேமராவும் அட்டவணையில் வராது, அவற்றுக்குக் கையால் விதி எழுத வேண்டும். சிஸ்கோவில் டிரஸ்ட் இல்லாத போர்ட்டுக்கு இயல்பு வரம்பு நொடிக்கு 15 ஏஆர்பி பாக்கெட். மீறினால் போர்ட் மூடிக்கொள்ளும். ஆக்சஸ் பாயின்ட் தொங்கும் போர்ட்டில் இதை உயர்த்திவிடுங்கள். அட்டவணையைச் சுவிட்ச்சின் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் கரன்ட் போய் வந்ததும் அது காலியாகிவிடும்.

விருந்தினர் வைஃபைக்கு இத்தனை வேலை தேவையில்லை. ஒரு விருந்தினரின் கருவி இன்னொன்றோடு பேசவிடாமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனை ஆன் செய்தாலே பெரும்பாலும் போதும்.