நரகம் பற்றிக் கேளுங்கள்: ஒரு பழைய கிரேக்க வாத்தியாரின் ஞாயிற்றுக்கிழமை

இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நண்பர்கள் வற்புறுத்தியதால், நீங்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுத இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறேன். கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்றால் நரகம் எதற்கு? இதுதான் பேச்சு. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: யார் யார் நரகத்தில் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, எழுபது வருஷம் வாழ்ந்த ஒருத்தனுக்கு முடிவேயில்லாத நெருப்பு. பெத்த அப்பா இப்படிச் செஞ்சா போலீசுக்குப் போவோம். கடவுள் செஞ்சா மட்டும் அது அன்பா?

தம்பி, முதலில் அந்த நெருப்பு எங்கே எரிந்தது என்று பார்ப்போம். நற்செய்திகளில் இயேசு "நரகம்" என்று சொல்லும் இடங்களில் கிரேக்கத்தில் இருப்பது கெஹென்னா. புதிய ஏற்பாட்டில் 12 தடவை வருகிறது. யாக்கோபு 3:6 ஒன்று போக மற்ற 11-ம் இயேசு பேசியவை. அது ஒரு ஊர்ப்பெயர். எருசலேமுக்குத் தெற்கே இன்றும் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இன்னோம் பள்ளத்தாக்கு. யூதாவின் ராஜாக்கள் ஆகாசும் மனாசேயும் சொந்தப் பிள்ளைகளையே அங்கே தீயில் பலி கொடுத்தார்கள் என்கிறது நாளாகமம். பின்னால் வந்த யோசியா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி அந்த வழக்கத்தை நிறுத்தினான். எரேமியா 7:31-ல் கடவுள் அதைப் பற்றிச் சொல்வது: அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை.

உங்கள் கேள்விக்கு இரண்டு முனை உண்டு. இரண்டும் இந்த வசனத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளைக் கொளுத்தினவர்கள்மேல் கடவுளுக்கு வரும் கோபம் ஒரு முனை. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தீ வைத்த வழக்கில் 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. "சரி, போகட்டும்" என்று சொல்லும் ஒரு கடவுளை அந்தச் சேரியில் போய் அன்புள்ளவர் என்று பிரசங்கம் பண்ண எனக்கு வாய் வராது. கணக்குத் தீர்க்காத அன்பு கொன்றவனுக்குத்தான் வசதி.

மறுமுனை இது. பிள்ளைகளைத் தீயில் போடுவது என் மனதில் தோன்றவேயில்லை என்றவர், அதே வேலையை முடிவில்லாமல் தாமே செய்துகொண்டிருப்பார் என்று நாம் எப்படிச் சொல்லப் போனோம்? முதல் முனையை விட்டால் கடவுள் செல்லம் கொடுக்கிற தாத்தா ஆகிவிடுகிறார். இரண்டாவதை விட்டால் மனாசே ஆகிவிடுகிறார். நான் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கை வலித்தாலும்.

கேள்வி: கெஹென்னா என்பது எருசலேம் நகரத்துக் குப்பை மேடு, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், அதைத்தான் இயேசு உவமையாகச் சொன்னார் என்று எங்கள் சபை ஐயர் (போதகர்) பிரசங்கித்தார். நீங்கள் அதைச் சொல்லவில்லையே?

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்தக் கதை முதலில் எழுத்தில் கிடைப்பது ஏறக்குறைய 1200-ல், தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரிடம். இயேசுவுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து. அங்கே ஓயாமல் எரிந்த குப்பைக்கு அகழாய்வுச் சான்று இல்லை. உங்கள் ஐயரைக் குறை சொல்லவில்லை. நானும் என் முதல் வருஷப் பாடத்தில் இதையே சொன்னவன்தான். ஆனால் குப்பை என்று சொன்னதும் பலியான பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள். அதுதான் எனக்கு ஆகாது.

கேள்வி: சைபீரியாவில் கிணறு தோண்டி, மைக்கை இறக்கி, நரகத்தின் அலறலைப் பதிவு செய்தார்களே? ஆடியோ அனுப்பட்டுமா?

வேண்டாம். அந்தக் கதைக்கு மூலமாகச் சொல்லப்படுவது கோலா தீபகற்பத்தில் சோவியத் விஞ்ஞானிகள் 1970-ல் தோண்டத் தொடங்கிய துளை. அது சைபீரியாவே இல்லை. 12,262 மீட்டர் போனார்கள். எதிர்பார்த்ததைவிடச் சூடு அதிகமாக, சுமார் 180 டிகிரி இருந்தது; அதற்குமேல் தோண்ட முடியவில்லை. அலறல் ஒரு பழைய பேய்ப்படத்திலிருந்து எடுத்து ஒட்டியது.

கேள்வி (சைவ நண்பர்): எங்களுக்கும் நரகம் உண்டு. ஆனால் வினை தீர்ந்ததும் வெளியே வந்துவிடலாம். உங்கள் ஆட்கள் எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னால் கோபிப்பீர்களா?

கோபம் எதற்கு, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வள்ளுவர் "அளறு" என்கிறார். சமணர், பௌத்தர், சைவர் எல்லோரிடத்திலும் நரகத்துக்குத் தவணை உண்டு; இருந்து, தீர்த்து, மறுபடி பிறக்க வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி மறுபிறப்பை மறுத்துத் தமிழில் தனியாக நூலே எழுத வேண்டியிருந்தது. தவணை முறையில் பழகின காதுக்கு முடிவில்லாத நரகம் ஏறாது. "நித்திய" என்ற அடைமொழி தமிழ்ப் பிரசங்கத்தில் இவ்வளவு சத்தமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஆனால் தமிழ் வேதாகமத்தைப் பாராட்டவும் வேண்டும். எபிரெயத்தின் ஷெயோல் நல்லவன் கெட்டவன் எல்லோரும் போகும் இடம், கிரேக்கத்தில் ஹாதேஸ். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இவற்றையும் கெஹென்னாவையும் பல இடங்களில் ஒரே சொல்லால் மூடிவிட்டது. நம்மவர்கள் பெரும்பாலும் பாதாளம் வேறு, நரகம் வேறு என்று வைத்தார்கள். லூக்கா 16-ல் ஐசுவரியவான் வேதனைப்படுவது பாதாளத்தில். நரகத்தில் அல்ல. பிரசங்கத்தில் யாராவது இதைக் கவனிக்கிறார்களா?

கேள்வி (ஒரு ஊழியர்): ஐயா, சுற்றி வளைக்க வேண்டாம். மத்தேயு 25:46. நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன். இரண்டுக்கும் ஒரே சொல். ஆக்கினைக்கு முடிவு உண்டென்றால் ஜீவனுக்கும் முடிவு உண்டு. பதில் சொல்லுங்கள்.

இது பழைய சபைப் பிதா அகுஸ்தீனின் வாதம், சகோதரரே. பலமான வாதம். நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "நித்திய என்பதற்கான கிரேக்கச் சொல் அயோனியோஸ், அதற்கு ஒரு யுகம் மட்டும்தான் பொருள்" என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். "ஆக்கினை என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குக் கிளை கழிப்பது என்றுதான் பொருள், அது திருத்துவதற்கு மட்டும்" என்றும் சொல்வார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். புதிய ஏற்பாட்டுக் காலத்தில் அந்தச் சொல் சாதாரணமாகத் தண்டனைக்கும் வழங்கியது. ஒற்றைச் சொல்லை வைத்துக் கோட்டை கட்டினால் மழைக்கு நிற்காது.

என் கேள்வி வேறு. நித்தியமாக இருப்பது தண்டிக்கும் செயலா, தண்டனையின் விளைவா? எபிரெயர் 9:12 "நித்திய மீட்பு" என்கிறது. மீட்கும் வேலை ஒருதரம் முடிந்தது, பலன் என்றைக்கும். யூதா 7, கடவுள் அழித்த சோதோம் நகரம் "நித்திய அக்கினியின் ஆக்கினையை" அடைந்தது என்கிறது. சோதோம் இன்றும் எரிகிறதா?

அதே ஊழியர்: அப்படியானால் சாகாத புழு? அவியாத அக்கினி?

மாற்கு 9 எடுத்தாளும் ஏசாயா 66:24-ஐத் திறந்து பாருங்கள். அந்தப் புழுவும் நெருப்பும் இருப்பது பிரேதங்களில். உயிரோடு இருக்கிற ஆட்கள்மேல் அல்ல. மத்தேயு 10:28 ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே "அழிக்க" வல்லவர் என்கிறது. வாதித்துக்கொண்டே இருக்க வல்லவர் என்று அல்ல.

அதே ஊழியர்: வெளிப்படுத்தல் 20:10-ஐ மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள்!

விடவில்லை, நீங்கள் எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். என் பக்கத்துக்குக் கஷ்டமான வசனம் அதுதான். அங்கே தள்ளப்படுவது பிசாசு, மிருகம், கள்ளத்தீர்க்கதரிசி. நாலு வசனம் தாண்டி மரணமும் பாதாளமுமே அந்த அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன, "இது இரண்டாம் மரணம்" என்று விளக்கமும் வருகிறது. மரணத்துக்கு வலிக்குமா? அது ஒழிகிறது. மனிதர் கதையும் அப்படியே என்று நான் வாசிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி வாசித்தால் உங்களைக் கள்ளப்போதகர் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் என்னை அப்படிச் சொல்லாமலிருந்தால் சந்தோஷம்.

கேள்வி: அப்படியென்றால் எல்லோரும் கடைசியில் இரட்சிக்கப்படுவார்கள் என்பது கள்ள உபதேசம்தானே? அப்படிப் போதித்த பழைய இறையியலாளர் ஓரிகேனைச் சபை தள்ளிவிட்டதே.

கான்ஸ்டான்டினோபிளில் 553-ல் தள்ளியது உண்மை. ஆனால் நாலாம் நூற்றாண்டு ஆயர் நிசா கிரகோரியாரும் ஏறக்குறைய அதே நம்பிக்கையைச் சொன்னார். அவர் இன்றைக்கும் பரிசுத்தவான், 787-ல் கூடிய சங்கம் அவரைப் பிதாக்களின் பிதா என்று புகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் நினிவே ஈசாக்கு என்ற சீரியத் துறவி, கெஹென்னாவில் இருப்பவர்களை அடிப்பது அன்பின் சாட்டைதான் என்றார். அன்புக்கு எதிராகச் செய்துவிட்டோமே என்ற வேதனையைவிடப் பெரிய வேதனை இல்லையாம். என்னைக் கேட்டால், எல்லோரும் வருவார்கள் என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வர வேண்டும் என்று ஜெபிக்க அதிகாரம் உண்டு. 1 தீமோத்தேயு 2:4-ல் அவருடைய சித்தமும் அதுதான். கெட்டகுமாரன் கதையில் மூத்த மகன் வாசலிலேயே நின்றான். அப்பா வெளியே வந்து கெஞ்சினார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவேயில்லை.

கேள்வி: அளவற்ற கடவுளுக்கு விரோதமான பாவம் அளவற்றது, அதனால் தண்டனையும் அளவற்றது. இது நியாயம்தானே?

வேலைக்காரனை அடித்தால் அபராதம், ஜமீன்தாரை அடித்தால் தலை. அந்தக் காலத்து நியாயம் இது. சிறியவரில் ஒருவனுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்ற இயேசுவிடம் இது செல்லாது.

கேள்வி: காந்தி நரகத்திலா?

மேலே நிபந்தனையைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் என்று ஒருவரையும் அறிவித்ததில்லை.

கேள்வி: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள்?

கடவுளின் மடியில். ரோமாபுரியின் இறையியல் ஆணையமே 2007-ல் நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு என்று எழுதிவிட்டது. இதில் நான் வாதாட விரும்பவில்லை.

கேள்வி: இறந்தவர்கள் மோட்சம் போகுமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி?

நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தல்?

வேறொரு ஞாயிறு. பாதி நாள் போதாது.

கேள்வி: ரஷ்யாக்காரன் தோண்டின கிணறு ஆடியோ கேட்டீங்களா அண்ணே?

மேலே பாருங்கள்.

கேள்வி: நரகத்துக்குப் போய் வந்த ஒரு சகோதரியின் சாட்சி வீடியோ...

பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். விடுமுறை வேதபாடசாலையில் நரகப் படம் காட்டி அழவைத்து மனந்திரும்புதல் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ராத்திரி படுக்கையை நனைக்கிற குழந்தை மனந்திரும்பவில்லை, பயந்திருக்கிறது.

கேள்வி (ஒரு நர்ஸ்): ஐயா, என் தம்பி போன வருஷம் தானாகவே உயிரை விட்டுட்டான். அடக்க ஆராதனையில வந்த பிரசங்கியார், இப்படிச் செத்தவங்களுக்கு நரகம்தான்னு சொன்னார். அம்மா அதிலிருந்து சரியா சாப்பிடுறதில்ல. நான் என்ன சொல்றது?

அம்மா, நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டேன்.

தற்கொலை மன்னிக்கப்படாத பாவம் என்று வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. அந்தப் பிரசங்கியார் எடுத்துக்காட்ட முடியாது. சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தான். தாவீது அவனைச் சபிக்கவில்லை, வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு புலம்பல் பாடினான். சிம்சோன் தன்மேலேயே வீட்டை இடித்துப் போட்டுச் செத்தான். எபிரெயர் 11 அவனை விசுவாச வீரர்களோடு எண்ணுகிறது. முன்பு கடுமையாக இருந்த கத்தோலிக்கத் திருச்சபையும் இன்று, இப்படி இறந்தவர்களின் இரட்சிப்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றுதான் போதிக்கிறது. மனச்சோர்வு ஒரு வியாதி என்று உங்கள் வேலையில் என்னைவிட உங்களுக்குத் தெரியும். நெஞ்சுவலியில் போனவனை நரகம் என்று யாரும் சொல்வதில்லை.

விசுவாசப்பிரமாணத்தில் வாராவாரம் சொல்கிறோமே, இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்று. உங்கள் தம்பி போன இருட்டுக்கு அவர் முன்னமே போயிருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சாப்பாட்டை ஊட்டிவிட்டுக்கொண்டே சொல்லுங்கள், பிரசங்கம் மாதிரி வேண்டாம். அம்மா தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாதது தொடர்ந்தால் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீங்களும் ஒருமுறை பாருங்கள். எந்த ஊர் என்று தனியாக எழுதினால், அங்கே எனக்குத் தெரிந்த ஒரு நல்ல ஐயரை வீட்டுக்கு வரச் சொல்கிறேன். அவர் அதிகம் பேச மாட்டார்.

கேள்வி: ஐயா, கெஹென்னா குப்பை மேடுதானே? நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

இரண்டாவது ஆள். மேலே இரண்டாவது பதில். மணி பத்தாகிறது, வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். அந்த நர்ஸ் அம்மாவின் கடிதம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.