படத்துக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்து வருகிறேன். ஒரு முற்றத்துப் படத்தை 12-க்கு 18 அங்குலப் பிரின்ட்டாக ஒருவர் கேட்கிறார். எவ்வளவு சொல்லலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: கூச்சப்படாமல் முதலில் செலவை எழுதுங்கள், சகோதரி. என் முதல் கண்காட்சியில் ஒரு படத்தை 2,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். பருத்திக் காகிதம், பிரின்ட், சட்டம், கண்ணாடி என்று 1,700 ஆகியிருந்தது. கண்காட்சிக் கூடத்துக்காரர் விற்ற விலையில் பாதியை எடுத்துக்கொண்டார். நல்ல படம், 700 ரூபாய் கைநஷ்டம். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இப்போது, நிறம் சரிவராமல் வீணான சோதனைப் பிரின்ட் உட்பட எல்லாச் செலவையும் கூட்டி, என் உழைப்புக்கூலியைச் சேர்த்து, இரண்டால் பெருக்குகிறேன். வீட்டுக்கு வந்து கேட்பவருக்கும் அதே விலைதான். ஆளுக்கொரு விலை சொன்னால் கூடத்துக்காரரும் நம்பமாட்டார், வாங்கியவரும் நம்பமாட்டார்.

எத்தனை பிரதி என்பதையும் இன்றே முடிவுசெய்யுங்கள். ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' படத்தின் ஒரு பிரதி 2011-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது; அதில் மொத்தமே 6 பிரதிகள். நீங்கள் 15 என்று வையுங்கள். கீழ் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 1/15 என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பதினாறாவதை யார் கெஞ்சினாலும் போடாதீர்கள். பத்து விற்றபின் மிச்சமுள்ளவற்றுக்கு விலையை ஏற்றலாம்.

வெளியூர் என்றால் சட்டம் போடாமல், கெட்டி அட்டைக்குழாயில் சுருட்டி அனுப்புங்கள். கண்ணாடி வழியில் உடைந்தால் படமும் கீறிப்போகும்.